முழுசாகாத மூன்று மணி நேரம்

லைல் கொவாண்டாவைப் பற்றி நெப்ராஸ்காவில் வில்பர் என்ற சின்ன ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவர் தூக்கத்தைத்தான் சொல்வார்கள். நின்ற இடத்தில் தூங்கக்கூடிய மனிதர். சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பித்ததும் கண்ணை மூடி, காணிக்கைத் தட்டு தன் வரிசைக்கு வருவதற்குள் சரியாக விழித்துக்கொள்வார். மைத்துனியின் கல்யாண விருந்தில் போல்கா வாத்தியம் காதைப் பிளக்க, அந்த ஸ்பீக்கரிலேயே முதுகைச் சாய்த்துத் தூங்கினார். ஆனால் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், ஒரு ராத்திரி முழுக்க அவர் தூங்கி மனைவி மார்லிஸ் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு. அப்புறம் எழுந்து, வாசலில் நிற்கும் டிரக்கில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுகலான படுக்கையில் போய் மிச்சத்தைத் தூங்குவார்.

"நீ என்னைக் கட்டினியா, அந்த வண்டியைக் கட்டினியா?" என்பாள் மார்லிஸ்.

"வண்டி குறட்டை விடாது."

"குறட்டை விடறதே நீதானே!"

டிரக் ஓட்டுவது அவர் தேர்ந்தெடுத்த தொழில் இல்லை. அப்பாவுக்குப் பன்றிப் பண்ணை இருந்தது. விலை விழுந்தது, வட்டி ஏறியது, ஒரு சனிக்கிழமை காலையில் ஏலம்விடுகிறவன் வந்து டிராக்டர் முதல் தண்ணீர்த் தொட்டி வரை கூவி விற்றுவிட்டுப் போனான். லைல் அப்போது இளைஞன். ஒரே ஒரு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாம் என்று ஏறியவர். இப்போது முடி நரைத்து, இடது கை மட்டும் வெயிலில் கறுத்து, இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தக் காலத்தில் ஓட்டிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினால் போதும். காகிதம் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும். இப்போது டாஷ்போர்டில் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் ஒரு லாக் பெட்டி இருக்கிறது. எஞ்சினோடு பிணைந்தது. சக்கரம் உருண்டால் அதற்குத் தெரியும். யாரிடமும் அது சண்டைக்கு வராது, யார் கெஞ்சினாலும் கேட்காது.

சட்டம் கேட்பது பத்து மணி நேர ஓய்வு. அதை ஒரே மூச்சில் எடுக்கலாம். முடியாதவர்கள் இரண்டாக உடைத்துக்கொள்ளலாம். பெரிய துண்டு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டிப் படுக்கையில் கழிய வேண்டும். சின்னத் துண்டு இரண்டுக்குக் குறையக் கூடாது. இரண்டும் சேர்ந்து பத்து வர வேண்டும். அதாவது எட்டு தூங்கியவனுக்கு இரண்டு போதும், ஏழு தூங்கியவனுக்கு மூன்று வேண்டும். இரண்டாவது துண்டும் முடிந்தால் பெட்டி மனமிரங்கி, முதல் துண்டுக்கு அப்புறம் ஓடிய ஓட்டத்தை மட்டும் கழித்துக்கொண்டு மறுபடி நேரம் தரும். ஆனால் துண்டுக்குள் துண்டு கூடாது. நடுவில் பத்தடி வண்டியை நகர்த்தினாலும் போச்சு. முதலிலிருந்து எண்ண வேண்டும்.

டிரைவர்கள் இந்தக் கணக்கைப் பெண்டாட்டி பிறந்தநாளைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஜூன் மாத வெள்ளிக்கிழமை லைல் கணக்கில் தப்பு செய்யவில்லை. நம்பியதில்தான் தப்பு செய்தார்.

அவர் நம்பியது ஒரு மாட்டிறைச்சி ஃபேக்டரியை. கிழக்கு கொலராடோவில், சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கு நடுவே, காற்று திரும்பினால் மைல் கணக்கில் நாறும் ஃபேக்டரி. அங்கே சரக்கு ஏற்றப் போகிறவர்கள் துவைக்க வேண்டிய துணி, நகவெட்டி, பாதி படித்த புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு போவார்கள். நாலு மணி நேரத்துக்குக் குறைந்து எவனும் வெளியே வந்ததாகக் கதை கிடையாது. அங்கே காத்திருந்தபோது தாடி முளைத்தது என்று சொல்லிக்கொண்டு திரியும் ஒரு ஆள்கூட உண்டு.

முந்தின நாள் சாயங்காலமே வயோமிங்கில் வண்டியை ஓரங்கட்டி, லைல் படுக்கைக்குப் போனார். ஏழு மணி நேரம் ஆனதும் எழுந்தார். இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருக்கலாம். உடம்பும் அதைத்தான் கேட்டது. 'எதுக்கு? மூணு மணி நேரம் என்ன, ஆறு மணி நேரமே ஃபேக்டரி குடுக்கும்' என்று பூட்ஸை மாட்டினார். பொழுது புலரும்போது ஃபேக்டரி வாசலில் இருந்தார். பாதுகாப்பு ஆள் சீட்டைப் பார்த்துவிட்டு, கையடக்கமான அழைப்புக் கருவி ஒன்றைக் கொடுத்து, காத்திருக்கும் மைதானத்துக்குக் கை காட்டினான். சரக்கு ஏற்றும் கதவு தயாரானதும் அந்தக் கருவி துடிக்கும். அதுவரை தூங்கலாம். அதாவது தூங்க முடிகிறவர்கள் தூங்கலாம். தலையணைக்கு அடியில் எப்போது வேண்டுமானாலும் துடிக்கும் ஒரு சாமானை வைத்துக்கொண்டு எவன் தூங்குவான்? ஆனால் பெட்டியின் கண்ணுக்கு அது ஓய்வு.

அவர் அவசரத்துக்குக் காரணம் டெபுடி.

டெபுடி என்பது நாய். பழுப்பும் வெள்ளையும் கலந்த, இன்ன ஜாதி என்று சொல்ல முடியாத பெட்டை. கன்சாஸில் ஒரு டிரக் ஸ்டாப்பில், டிரெய்லர் சக்கரத்துக்கு நடுவே சுருண்டு கிடந்தது. பக்கத்து சீட்டில் ஏற்றி உட்கார வைத்ததும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எதிரே வரும் ஒவ்வொரு வண்டியையும் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அதனால்தான் போலீஸ்காரன் மாதிரி டெபுடி என்ற பெயர். பதினோரு வருஷம் அந்த சீட்டு அதனுடையது. லைலுக்குக் கண் கனக்கும் நேரம் அவருக்கு முன்னால் அதற்குத் தெரியும். மூச்சு மாறுமோ, வாடை மாறுமோ, என்னவோ. முதலில் முனகும். கேட்கவில்லையென்றால் ஸ்டியரிங் பிடித்திருக்கும் முழங்கைக்கு அடியில் ஈர மூக்கை நுழைத்து முட்டும். அப்புறமும் ஓட்டினால் குரைக்கும். வண்டியை நிறுத்தும்வரை விடாது. பெட்டி இன்னும் ஓட்டலாம் என்று பச்சை காட்டிய நாட்களில்கூட டெபுடியின் பேச்சைக் கேட்டு ஓரங்கட்டியிருக்கிறார்.

போன வருஷம் அதன் இடுப்பு போயிற்று. கேபின் படிகளில் ஏற முடியவில்லை. வீட்டில் விட்டார். வசந்தத்தில் வயிற்றில் கட்டி என்றார்கள். கடைசி மூன்று வாரமாக எழுந்து நிற்பதற்கே ஒரு ஆள் தூக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் மார்லிஸ். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாயை வெளியே தூக்கிப் போவாள். மாட்டு டாக்டர் கோசிசெக் நாய்க்கும் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மற்ற வேலையை முடித்துக்கொண்டு ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து அதை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசி போடுவதாகச் சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து டாக்டர் ஊரில் இல்லை.

"ஆறு மணிக்கு நான் அங்க இருப்பேன்" என்று லைல் சொல்லியிருந்தார். "அது தலையை நான்தான் பிடிச்சுக்கணும்."

"இரு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், லைல். உன் பெட்டிக்காக அதைக் காத்திருக்க வைக்க மாட்டேன். அது படற பாடு உனக்குத் தெரியாது. நீ போன்ல கேக்கற, நான் பக்கத்துல பாக்கறேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் சரக்கு ஏற்றம். அப்புறம் நேராக நெடுஞ்சாலை. நெப்ராஸ்காவுக்குள் கொஞ்ச தூரம் போனதும் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும், அதையும் கழித்தாயிற்று. சரக்கு ஒமாஹாவுக்கு மறுநாள் போனால் போதும். வழியில் வீடு. ஆறுக்கு முன்னால் போய்விடலாம்.

இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது கருவி துடித்தது.

லைல் படுத்த வாக்கில் அதை எடுத்துப் பார்த்தார். சிவப்பு விளக்குகள் வட்டமாக ஓடின. யாரோ தவறுதலாக அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்தார். மறுபடி துடித்தது. பூட்ஸைக்கூட முடிச்சுப் போடாமல் இறங்கி, மைதானத்தைக் கடந்து, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஹோதனிடம் ஓடினார். தலையில் முக்காடிட்ட சோமாலியப் பெண். வருஷக்கணக்காக அதே ஜன்னல். டிரைவர்களின் வசவை வாங்கி வாங்கி மரத்துப்போனவள்.

"பதினாலாம் கதவு, லைல். போ, பின்னால எடு."

"இப்பவேவா?"

"புது ஷிஃப்ட் மேனேஜர். பேய் மாதிரி வேலை வாங்கறான். சந்தோஷமா?"

"ஹோதன், எனக்கு இருபது நிமிஷம் குடு."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "திரும்பச் சொல்லு."

"இருபது நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு."

"இந்த ஜன்னல்ல ஒம்பது வருஷமா உக்காந்திருக்கேன். ஏன் காக்க வைக்கறேன்னு என் அம்மாவைத் திட்டினவன் உண்டு, அழுதவன் உண்டு, கதவை உதைச்சவன் உண்டு. இன்னும் கொஞ்சம் காக்க வைன்னு கேக்கற மொத ஆளு நீதான்."

"ஏழு தூங்கிட்டு வந்தேன். மூணு முழுசா ஆகணும். இப்ப நகர்ந்தா பாழாயிடும். ஏத்தி முடிச்சப்புறம் மறுபடி மூணு மணி நேரம் எங்கயாவது உக்காரணும்."

"எட்டு தூங்கியிருக்கலாம் இல்ல?"

"தெரியும்."

"பெரிய அனுபவஸ்தன்னு பேரு!" என்றாள். ஆனால் கை கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. "கதவைக் காலியா வெச்சா அவன் என் தலையைத் தின்னுடுவான். உன்னைத் தள்ளி வெச்சா வரிசையில கடைசி. சாயங்காலம் ஆயிடும். உனக்கு அடுத்தவன் சரக்கு தயாரா இருக்கு. அவன் சம்மதிச்சா மாத்திப் போடறேன். ஆனா அவன் பெரிய சரக்கு, ஏத்த நேரம் ஆகும். அப்புறம்தான் உன் முறை. அப்புறம் என்கிட்ட வந்து கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்."

அடுத்தவன் பெயர் ஒடில். உஸ்பெக்கிஸ்தானிலிருந்து வந்தவன், இப்போது சிகாகோ பக்கம் வீடு. டாஷ்போர்டில் காலை நீட்டிக்கொண்டு, கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"டிரைவர், கதவு வேணுமா?" என்றார் லைல் கீழே நின்றபடி.

"என்ன விலை?"

"சும்மா. என் முறையை எடுத்துக்கோ."

ஒடில் காலை இறக்கினான். அவரை மேலும் கீழும் பார்த்தான். "கதவுல என்ன கோளாறு?"

"கதவுல இல்ல. என் பெட்டியில. ஏழு போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒடில் நாக்கைச் சப்புக்கொட்டினான். "ஐயோ! ஏழு போட்டியா? எவ்வளவு குறையுது?"

"இருபது நிமிஷம்."

"எட்டு போட்டிருந்தா..."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

"சரி சரி. கோவிச்சுக்காத. என்ன அவசரம், பொண்ணு கல்யாணமா?"

"நாய். இன்னிக்கு சாயங்காலம் ஊசி போடறாங்க."

ஒடில் தேநீரை ஒரு மடக்கு குடித்தான். நாய்க்காக ஒரு ஆள் இப்படி வேர்த்துப்போய் நிற்பது அவனுக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. "பேர் என்ன?" என்றான்.

"டெபுடி."

"வேகமா ஏத்தச் சொல்றேன் டிரைவர், டெபுடிக்காக" என்று எஞ்சினைக் கிளப்பினான்.

லைல் திரும்பிப் போய் மறுபடி படுத்தார். இருபது நிமிஷம் ஓடி மூன்று மணி நேரம் முழுசாயிற்று. பெட்டி புது நேரத்தைக் காட்டியது. வீட்டுக்குப் போக அது தாராளம். ஆனால் கதவு இப்போது அவரிடம் இல்லை. ஒடிலின் டிரெய்லர் பதினாலாம் கதவில் ஒட்டிக்கொண்டு குலுங்குவதையும், ஃபோர்க்லிஃப்ட் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தூங்கியிருக்கலாம். தூங்கியிருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்டை முறைத்துப் பார்த்தால் அது வேகமாகப் போகும் என்பதுபோல் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். இருபது நிமிஷத்துக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் விலை கொடுத்தாயிற்று.

ஒருவழியாக ஏற்றி, கதவை முத்திரையிட்டு, எடை பார்த்து, நெடுஞ்சாலையில் ஏறியதும் மார்லிஸைக் கூப்பிட்டார்.

"ஆறுக்கு வந்துடுவேன். சரியா ஆறு. அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன."

"ஃபேக்டரியில காக்க வெச்சுட்டாங்களா?"

"காக்க வைக்கல. அதான் பிரச்சினை."

விஷயத்தைச் சொன்னார். மார்லிஸ் சிரித்தாள். தூக்கம் கெட்டவர்கள் சிரிக்கும் சிரிப்பு, எங்கே நிறுத்துவது என்று தெரியாத சிரிப்பு. "இத்தனை வருஷத்துல அவங்க ஒழுங்கா வேலை பாத்த ஒரே நாள், அது உன் தலையில விடிஞ்சிருக்கு."

"எப்படி இருக்கு அது?"

"சாப்பிடல. ஹாம்பர்கர் வறுத்து வெச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. லாரி சத்தம் கேட்டா காதைத் தூக்குது. எலிவேட்டர் கிடங்குக்குப் போற தானிய லாரிங்க. ஒவ்வொண்ணுக்கும்."

லைல் போனை வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தார்.

பிளாட் ஆறு வலது பக்கம் வந்தது, காணாமல் போனது, மறுபடி வந்தது. சோளம் முழங்கால் உயரம். சாலை நேர்கோடு. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. குளிர்பதன எஞ்சின் முதுகுக்குப் பின்னால் ஒரே சுருதியில் ரீங்காரமிட்டது. அவருக்குப் பழகிய தாலாட்டு அதுதான். காபி குடித்தார். சூரியகாந்தி விதையை மென்று துப்பினார். ஜன்னலை இறக்கினார், ஏற்றினார். ரேடியோவில் பன்றி விலை சொன்னார்கள். அதற்கும் தனக்கும் இனி என்ன என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது ஞாபகம் இல்லை.

தூங்குகிறவனை எழுப்ப வெட்டிவைத்த சாலையோரக் கீறல்களில் சக்கரம் ஏறி, வண்டி முழுக்கப் பற்கடிக்கும் சத்தம் கேட்டபோது, வலது கை தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போனது.

"தெரியுது, தெரியுது. முழிச்சிட்டேன்" என்று சொன்னார்.

சீட்டில் மடித்துவைத்த ஜாக்கெட் மட்டும் இருந்தது.

ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி வண்டியைக் கோட்டுக்குள் கொண்டுவந்தார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு சிவப்புக் கார். கூரையில் இரண்டு சைக்கிள். அது வேகத்தைக் குறைத்து, வெகுதூரம் தள்ளி வந்துகொண்டிருந்தது. அதில் இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெட்டியைப் பார்த்தார். பச்சை. இன்னும் ஓட்டலாம், நிறைய ஓட்டலாம். சட்டப்படி அவர் ஓய்வெடுத்த மனிதர்.

ஆறு மணிக்குப் போய்விடலாம். ஜன்னலை முழுக்க இறக்கி, கன்னத்தில் அறைந்துகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, எத்தனை தடவை ஓட்டியிருக்கிறார். இளவயதில் இதைவிட மோசமாக ஓட்டியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. இன்றும் ஆகாமல் போகலாம். டெபுடி காதைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிறது. அதே டெபுடி இங்கே இருந்திருந்தால் இந்நேரம் குரைத்துக் கேபினை இரண்டாக்கியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் விட்டிருக்காது. ஒருநாளும் விட்டதில்லை.

கிராண்ட் ஐலண்ட் என்ற ஊருக்கு முன்னால் சாலையோர ஓய்விடம் இருந்தது. விளக்குப் போட்டுத் திரும்பினார். மரநிழலில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"மார்லிஸ், வண்டியை நிறுத்திட்டேன்."

"எங்க? எதுக்கு?"

"கண்ணு சொருகிடுச்சு. ஓரத்துல ஏறிட்டேன்."

"அடிபட்டுதா?"

"இல்ல. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"டாக்டர் ஆறு மணிக்கு வந்துடுவார், லைல்."

"தெரியும்."

"ஒரு காபி குடிச்சிட்டு..." என்று ஆரம்பித்தவள் தானே நிறுத்திக்கொண்டாள். "இல்ல. வேணாம். தூங்கு. நீ தூங்கிட்டு வா."

"டாக்டர்கிட்ட சொல்லு. தூக்கும்போது பின்னங்காலுக்கு அடியில கை குடுக்கணும். இல்லன்னா வலிக்கும்."

"மூணு வாரமா நான்தான் தூக்கறேன்."

"ஆமா."

"தூங்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவர் படுத்தார். தூக்கம் வராது என்று நினைத்தார். அதுதான் அவருக்கு அப்புறம் வெகுநாள் உறுத்தியது. அந்த நிமிஷத்தில், அந்த நினைப்போடு, தலையணையில் கன்னம் பட்டதும் கல்லைப்போல் தூங்கிவிட்டார். கனவுகூட வரவில்லை. விழித்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. போனில் ஒன்றும் வந்திருக்கவில்லை. ஒன்றும் வராததே செய்தி என்று புரிந்தது. முகம் கழுவி, வண்டியை எடுத்து, மீதித் தூரத்தை ஒழுங்காக ஓட்டினார். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை. அதுவும் கோபம் தந்தது.

வீட்டுக்கு வரும் மண்சாலையில் திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. பெட்டியில் அன்றைய நேரம் முடிய நிமிஷங்களே பாக்கி. வாசலில் நிறுத்திப் பிரேக்கை இழுத்தார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. கதவைத் திறக்காமல், கை கைப்பிடியில் இருக்க, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காற்றுச் சத்தத்துக்கு அப்புறம் ஒரு குரைப்பு வரும். அதற்கு அப்புறம்தான் இறங்குவது வழக்கம்.

சமையலறை வழியாக உள்ளே போனார். மேஜையில் இரண்டு காபிக் கோப்பை. ஒன்றில் பாதி அப்படியே இருந்தது. அடுப்பு மேல் வறுத்த ஹாம்பர்கர். கூடத்தில், சோபாவில், வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் செருப்புகூடக் கழற்றாமல், மார்லிஸ் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கீழே தொங்கியது. அது தொங்கிய இடத்தில் நாயின் மெத்தை. மேலே விரித்திருந்த போர்வை இல்லை. அவள் நகத்தில் மண்.

வாய் திறந்திருந்தது. மூச்சு ஆழமாக, ஒரே சீராக வந்தது. கடைசியாக இவள் இப்படித் தூங்கி எத்தனை நாளாயிருக்கும் என்று லைல் நினைத்துப் பார்த்தார். மூன்று வாரமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்தவள். அவளுக்கு எந்தப் பெட்டியும் கணக்கு வைக்கவில்லை.

அவருக்குக் கேட்க வேண்டியிருந்தது. வலித்ததா? வாசலைப் பார்த்ததா? ஆறு மணிக்குக் காதைத் தூக்கியதா? தலையை யார் பிடித்துக்கொண்டார்கள்? தோளைத் தொட்டால் எழுந்துவிடுவாள், எல்லாம் சொல்வாள். தொடுவதற்குக் கையும் போயிற்று.

வாழ்நாள் முழுக்க அவரை யாராவது எழுப்பியிருக்கிறார்கள். கதவில் முஷ்டியால் குத்தியவர்கள், ஜன்னலில் டார்ச் அடித்தவர்கள், தலையணைக்கு அடியில் துடித்த கருவிகள். பாதியில் எழுப்பப்பட்டவனுக்கு என்ன மிஞ்சும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். கையை இழுத்துக்கொண்டார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆபீஸிலிருந்து கெண்ட்ரா. ஒமாஹாவுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்பாள். பொத்தானை அழுத்திப் போனை அணைத்தார். சமையலறைச் சுவரில் தொங்கும் பழைய போனின் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்தார், மைத்துனி கூப்பிட்டுவிடுவாள். ரிசீவர் முணுமுணுத்தது. ஒரு துண்டை எடுத்து அதைச் சுற்றினார்.

பின்பக்க ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மல்பெரி மரத்தடியில் புது மண். மண்வெட்டி மரத்தில் சாய்ந்திருந்தது. டாக்டரும் கூட நின்று தோண்டியிருப்பார். லைலுக்கு உடனே அங்கே போக வேண்டும்போல் இருந்தது. ஆனால் பின்கதவின் ஸ்பிரிங் கிறீச்சென்று ஊரையே எழுப்பும். வரும்போது எப்படியோ அவள் எழவில்லை, இன்னொரு தடவை நம்ப முடியாது. எண்ணெய் போடுகிறேன் என்று போன வருஷமே சொன்னார். போடவில்லை. முன்பக்கமாகச் சுற்றிப் போகலாமென்றால் கூடத்தைக் கடக்க வேண்டும், சோபாவுக்குப் பக்கத்துப் பலகை முனகும்.

அங்கேயும் போக முடியாமல், இங்கேயும் கேட்க முடியாமல், லைல் சமையலறைத் தரையில் மெதுவாக உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றப் போனவர், ஒரு பூட்ஸ் தரையில் விழுந்து சத்தம் போட்டாலும் போட்டுவிடும் என்று விட்டுவிட்டார். அடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். இங்கிருந்து பார்த்தால் அவள் தொங்கும் கை தெரியும், ஜன்னலில் மரத்தின் மேல்பாதி தெரியும். வெளிச்சம் சோபாவிலிருந்து சுவருக்கு ஏறியது. எலிவேட்டருக்கு ஒரு தானிய லாரி போயிற்று. அவர் தலை தானாக நிமிர்ந்து, வாசல் பக்கம் திரும்பி, திரும்பி வந்தது.

லாரி சத்தம் மார்லிஸின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். விரல்கள் மெத்தையைத் தடவின. கண்ணைத் திறக்காமலே, தூக்கத்துக்குள்ளிருந்து கேட்டாள்.

"லைல்? வந்துட்டியா?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இல்ல" என்றார். "தூங்கு."